பிடிமானத்தின் கணக்கு

ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், அதன் பின்னால் ஃப்ளைவீல், பிறகு நீண்ட ஷாஃப்ட், கடைசியில் கப்பலைத் தள்ளும் புரொப்பெல்லர். இந்த வரிசை முழுவதும் முறுக்கிக்கொண்டு ஆடத் தொடங்கினால் நொடிக்கு எத்தனை முறை ஆடும்? நூறு ஆண்டுகளுக்கு முன் இதற்கு விடை தேடிய பொறியாளர், முதல் வேலையாக ஒரு விடையை ஊகித்துத் தாளின் தலையில் எழுதிவைப்பார். ஜெர்மானியரான ஹோல்ட்சர் 1921-ல் புத்தகமாக வெளியிட்ட முறை அது.

ஊகித்த எண்ணுக்குக் கீழே அட்டவணை. ஆறு சிலிண்டர்கள், ஃப்ளைவீல், புரொப்பெல்லர் என்று எட்டு வரிகள். முதல் சிலிண்டர் ஒரு ரேடியன் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வார். அந்த ஆட்டத்துக்கு எவ்வளவு முறுக்கு விசை வேண்டும், அந்த விசை அடுத்த ஷாஃப்ட் துண்டை எவ்வளவு முறுக்கும், அதைக் கழித்தால் இரண்டாவது சிலிண்டர் எவ்வளவு ஆடும் என்று ஸ்லைடு ரூலை நகர்த்தி நகர்த்தி வரி வரியாகக் கீழே இறங்குவார். கடைசி வரியில் விசைகளின் கூட்டுத்தொகை பூஜ்யமாக வரவேண்டும். புரொப்பெல்லருக்கு அப்பால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்பதால். மிச்சம் நின்றால் ஊகம் தப்பு. எண்ணைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ புதுத் தாள். நாலைந்து தாள்களின் மிச்சத்தை வரைபடத் தாளில் புள்ளிகளாக்கிக் கோடு இழுத்தால், அது பூஜ்யத்தை வெட்டும் இடத்தில் முதல் இயல்பு அதிர்வெண் கிடைக்கும். இரண்டாவது வேண்டுமென்றால் மறுபடியும் தொடங்க வேண்டும்.

இன்று அதே இன்ஜினும் ஷாஃப்டும் முப்பரிமாண வரைபடமாக ஏற்கெனவே கணினியில் இருக்கின்றன. எந்தப் பாகம் எந்த உலோகம், எங்கெங்கே பேரிங், எத்தனை மோட் (ஆடும் வடிவம்) வேண்டும் என்று சொல்லிவிட்டு ‘ரன்’ கொடுத்தால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் பத்து அதிர்வெண்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இன்ஜின் எப்படி நெளியும் என்ற அசைபடமும் உண்டு, நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும் நிறங்களோடு.

இந்த இரண்டுக்கும் நடுவில் காணாமற்போனது கூட்டலும் பெருக்கலும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹோல்ட்சர் அட்டவணையைக் கையால் போட்டவருக்கு, எந்த வரியில் ஆட்டம் கூட்டல் குறியிலிருந்து கழித்தல் குறிக்கு மாறுகிறது என்று விரல் நுனியில் தெரிந்திருக்கும். கணு அங்கேதான். அந்த இடத்தில் ஷாஃப்ட் ஆடாது. ஆனால் முறுக்கம் அங்கே கடுமையாக இருக்கும், ஒடிந்தால் அந்தப் பக்கத்தில்தான் ஒடியும். நிறப்படத்தில் ‘குறைவாக ஆடும் இடம்’ என்று நிம்மதியான நீலத்தில் தெரிவது அதே இடம்தான்.

இயல்பு அதிர்வெண் என்பது கடினமான விஷயமில்லை. 300 மி.மீ. நீளமும் 1 மி.மீ. கனமும் உள்ள எஃகு அளவுகோலை ஒரு நுனியில் இறுக்கிப் பிடித்து மறுநுனியைத் தட்டினால் நொடிக்கு ஏறக்குறைய 9 முறை ஆடும். பாதியை மேஜைக்குள் தள்ளி 150 மி.மீ. மட்டும் வெளியே விட்டால் 36. நீளம் பாதியானால் அதிர்வெண் நான்கு மடங்கு. அகலம் கணக்கில் வரவே வராது. கொஞ்சம் வியப்பூட்டும் இன்னொன்று: எஃகுக்குப் பதில் அதே அளவில் அலுமினியத்தை வைத்தாலும் கிட்டத்தட்ட அதே 9 தான். அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கு, எடையும் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. “அதிர்கிறது, மெட்டீரியலை மாற்றிப் பார்ப்போம்” என்று கிளம்புகிறவர்களுக்கு இந்த ஒரு வரிக் கணக்கு எவ்வளவோ காசை மிச்சப்படுத்தும்.

ஆக, விறைப்பு ஏறினால் அதிர்வெண் ஏறும். நிறை ஏறினால் இறங்கும். வெளியிலிருந்து வரும் உலுக்கல், அது மோட்டாரின் சுழற்சியோ மனிதர் நடக்கும் காலடியோ, இந்த எண்ணோடு பொருந்திவிட்டால் ஒத்ததிர்வு. சிறு விசை பெரிய ஆட்டமாக வளரும். இவ்வளவுதான் தத்துவம். அளவுகோலை நுனியில் ‘இறுக்கிப் பிடித்து’ என்று மேலே எழுதினேன் அல்லவா, வம்பு முழுவதும் அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது.

சுழலும் ஷாஃப்டின் கதை இன்னும் பழையது. ஸ்காட்லாந்துப் பொறியாளர் ரேங்கின் 1869-ல், ஒரு ஷாஃப்டை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சுற்றவே முடியாது, வளைந்து தாறுமாறாகிவிடும் என்று எழுதினார். பெரியவர் சொன்னது என்பதால் தொழில் உலகம் நம்பியது. பாலிலிருந்து கிரீம் பிரிக்கும் இயந்திரத்தால் பெயர் பெற்ற ஸ்வீடன்காரர் டி லாவல், 1880-களின் இறுதியில் தன் சிறு நீராவி டர்பைனுக்கு வேண்டுமென்றே மெல்லிய, வளையக்கூடிய ஷாஃப்டைப் போட்டார். நிமிடத்துக்கு 30,000 சுற்று. ரேங்கின் சொன்ன அந்தக் கிரிட்டிக்கல் வேகத்தை விரைந்து தாண்டியதும் ஷாஃப்ட் அடங்கி ஓடியது. ஏன் அடங்கியது என்பதை ஜெர்மனியில் ஃபோப்பல் 1895-லேயே கணக்காகக் காட்டிவிட்டார். ஆனால் அவர் எழுதியது கட்டடப் பொறியாளர்கள் படிக்கும் இதழில். டர்பைன்காரர்கள் கண்ணில் படவில்லை. 1919-ல் ஜெஃப்காட் மறுபடி எழுதிய பிறகே எல்லோருக்கும் தெளிந்தது. இன்றைய பெரிய டர்பைன்களில் பலவும் கிரிட்டிக்கல் வேகத்துக்கு மேலேதான் ஓடுகின்றன.

அக்காலக் கணக்கர்களிடம் இருந்த ஓர் உத்தி எனக்குப் பிடித்தமானது. டங்கர்லி 1894-ல் தந்த சூத்திரம் கிரிட்டிக்கல் வேகத்தை உண்மையைவிட எப்போதும் கொஞ்சம் குறைத்துச் சொல்லும். ரேலியின் முறையோ எப்போதும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். இரண்டையும் போட்டால் உண்மை நடுவில் மாட்டிக்கொள்ளும். இரண்டு விடைகளுக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் நிம்மதியாக வரைபடத்தில் கையெழுத்துப் போடலாம். இன்றைய மென்பொருள் பெரும்பாலும் ரேலியின் பக்கம் சாய்ந்தது: மெஷ் (பொருளைக் கணினி வெட்டும் சிறு துண்டுகளின் வலை) முரடாக இருந்தால் பொருளை உள்ளதைவிட விறைப்பாகக் காட்டி, அதிர்வெண்ணை ஏற்றியே சொல்லும். மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க எண் மேலிருந்து மெல்ல இறங்கிவந்து ஓரிடத்தில் நிற்கும். நிற்கிறதா என்று பார்க்க இரண்டு மூன்று முறை ஓட்ட வேண்டும். முதல் ஓட்டத்தின் எண்ணையே அறிக்கையில் ஒட்டிவிடும் பழக்கம் இப்போது சகஜம்.

ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கும் ஆசை கணினிக்கு வெகு முன்னதாகவே இருந்தது. க்ளாட்னி 1787-ல் உலோகத் தகட்டின் மேல் மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுத்துக் காட்டினார். ஆடும் இடத்திலிருந்து மணல் விலகி, ஆடாத கோடுகளில் சேர்ந்து கோலம் போட்டது. நெப்போலியன் முன்னிலையிலும் இதைச் செய்துகாட்டினார். அதற்குக் கணக்கு சொல்பவருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்று முறை முயன்று 1816-ல் அந்தப் பரிசை வென்றவர் சோஃபி ஜெர்மைன். தகட்டின் நடுப்பகுதி எப்படி வளையும் என்ற சமன்பாடு கைக்கு வந்துவிட்டது. விளிம்பில் என்ன நடக்கிறது? எதுவும் பிடிக்காத விளிம்புக்கு என்ன நிபந்தனை எழுதுவது? அதில் ஜெர்மைனும் தடுமாறினார், பாய்ஸானும் தடுமாறினார். கிர்ச்சாஃப் 1850-ல்தான் சரியாக எழுதினார். நடுவைப் புரிந்துகொண்ட பிறகு விளிம்பைப் புரிந்துகொள்ள 34 ஆண்டுகள். க்ளாட்னி மணலில் காட்டிய சதுரத் தகட்டின் கோலங்களை எண்களாகப் போட்டு முடிக்க 1909-ல் ரிட்ஸ் வரவேண்டியிருந்தது.

நம் பக்கத்து மணல் கதையும் ஒன்று இருக்கிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் மிருதங்கத்தை ஆராய்ந்தபோது அதன் தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவித்தான் மோட்களைக் கண்டார். வெறும் தோலின் இயல்பு அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று சுருதி சேராதவை. அதனால்தான் சாதாரண மேளத்தில் இரைச்சல் கேட்கும், சுரம் கேட்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவில் பூசிய கரணை அந்த இடத்தின் நிறையைக் கூட்டி, அதிர்வெண்களை இழுத்து ஒழுங்குபடுத்துகிறது. முதல் ஒன்பது மோட்கள் சேர்ந்து ஐந்து இசைவான சுரங்களாக அமைந்துவிடுவதை அவர் 1934-ல் எழுதிய கட்டுரை காட்டுகிறது. எங்கே எவ்வளவு நிறையைச் சேர்த்தால் எந்த மோட் எவ்வளவு நகரும் என்பது இன்று டிசைன் சிமுலேஷனில் தினம் கேட்கும் கேள்வி. மிருதங்கம் கட்டுகிறவர் அதை அடுக்கடுக்காகப் பூசி, தட்டி, காதால் தீர்த்துவைத்திருக்கிறார்.

கணினி முறையின் பிறப்பே அதிர்வால் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. ‘ஃபைனைட் எலிமெண்ட்’ என்றதும் தாங்குமா ஒடியுமா என்ற வலிமைக் கணக்குதான் நினைவுக்கு வரும். 1952 கோடையில் பெர்க்லி பேராசிரியர் ரே க்ளஃப், சியாட்டிலில் போயிங் நிறுவனத்தின் அதிர்வுப் பிரிவுக்கு விடுமுறை வேலைக்குப் போனார். பிரிவின் தலைவர் ஜான் டர்னர் அவரிடம் ஒப்படைத்தது டெல்டா வடிவ இறக்கை. நீண்ட மெல்லிய இறக்கையை ஒரு தூலம் என்று வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். முக்கோண இறக்கையில் அந்தக் கணக்கு சோதனையோடு ஒட்டவில்லை. அடுத்த ஆண்டு கோடையில் இறக்கையின் தோலைச் சிறு சிறு முக்கோணத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் விறைப்பையும் எழுதி, சேர்த்துத் தைத்துப் பார்த்தார்கள். ஒட்டியது. டர்னர், க்ளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் எழுதிய கட்டுரை 1956-ல் வெளிவந்தது. அதற்கு ‘ஃபைனைட் எலிமெண்ட்’ என்று க்ளஃப் பெயர் வைத்தது 1960-ல்.

துண்டுகளாக வெட்டுவது ஒரு சிரமம் என்றால், வெட்டியதிலிருந்து அதிர்வெண்ணைப் பிழிந்தெடுப்பது பெரிய சிரமம். ஆயிரம் புள்ளிகள் இருந்தால் ஆயிரக்கணக்கான சமன்பாடுகள். அன்றைய கணினியின் நினைவகத்தில் அவ்வளவும் அடங்காது. அதனால் 1965-ல் கயன் என்பவர் தந்த சுருக்கு வழியைப் பிடித்துக்கொண்டார்கள்: எல்லாப் புள்ளிகளையும் வைத்துக்கொள்ளாமல், முக்கியமானவை என்று சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றதை ஒடுக்கிவிடுவது. தேர்ந்தெடுப்பது பொறியாளர் கையில். எந்த இடம் அதிகம் ஆடும், எங்கே எடை அதிகம் என்று கணக்குக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு மோட் அப்படியே தொலைந்துபோகும். தொலைந்தது என்று கணினியும் சொல்லாது. பஞ்ச் கார்டு கட்டைக் கணினி அறையில் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து பார்த்தால், ஏதோ ஒரு கார்டில் காற்புள்ளி தப்பு என்று காகிதம் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பில் பொறியாளர்கள் விடையைத் தோராயமாகக் கையால் போட்டுவைத்திருப்பார்கள். வேறு வேலை என்ன?

இப்போது லாஞ்சோஸ் முறை லட்சக்கணக்கான சமன்பாடுகளை மடிக்கணினியிலேயே தின்று தீர்த்துவிடுகிறது. லாஞ்சோஸ் அதை எழுதியது 1950-ல். நம்பி ஓட்டத்தக்கதாகச் செப்பனிட்டு எடுக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. யாரும் எந்தப் புள்ளியையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எப்படி ஆடும் என்று முன்கூட்டி யோசிக்கவும் வேண்டியதில்லை. இதில் எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை.

பிடிமானத்துக்கு வருகிறேன். லாக்ஹீட் எலக்ட்ரா என்ற நான்கு இன்ஜின் டர்போப்ராப் விமானம் 1959-ல் சேவைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 29-ல் டெக்சாஸில் ஒன்று வானிலேயே உடைந்து 34 பேர் இறந்தார்கள். 1960 மார்ச் 17-ல் இண்டியானாவில் இன்னொன்று, 63 பேர். இரண்டிலும் இறக்கை பிய்ந்திருந்தது. லாக்ஹீடும் நாசாவும் காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்துத் தேடியபோது குற்றவாளி அகப்பட்டது. இன்ஜினை இறக்கையோடு பிடித்திருக்கும் மவுண்ட் தளர்ந்தால், புரொப்பெல்லரும் இன்ஜினும் சேர்ந்து பம்பரம் சாயும்போது சுற்றுவதுபோலத் தள்ளாடத் தொடங்கும். மவுண்ட் உறுதியாக இருக்கும்வரை இந்தத் தள்ளாட்டம் நொடிக்கு 5 அளவில் இருந்து தானாக அடங்கிவிடும். தளர்ந்ததும் அது 3-க்கு இறங்கியது. இறக்கையின் இயல்பு அதிர்வெண்ணும் 3-ஐ ஒட்டியே இருந்தது. இந்த வகைத் தள்ளாட்டத்தைப் பற்றி 1938-லேயே டெய்லர், பிரவுன் இருவர் எழுதியிருந்தார்கள்.  மவுண்ட் உறுதியாக இருக்கும் விமானத்தில் இந்தத் தள்ளாட்டம் ஆபத்தாகியிருக்காது. லாக்ஹீட் தன் செலவில் எல்லா எலக்ட்ராக்களின் மவுண்டுகளையும் இறக்கைகளையும் பலப்படுத்தியது.

இன்று மென்பொருளில் ‘ஃபிக்ஸட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு பரப்பைத் தொட்டு அதை அழுத்தினால் அந்தப் பரப்பு அணுவளவும் அசையாது. உலகத்தில் அப்படி எதுவும் இல்லை. போல்ட் கொஞ்சம் நீளும், பேஸ் பிளேட் கொஞ்சம் வளையும், கான்கிரீட் கொஞ்சம் அமுங்கும்.

கோவைப் பக்கத்தில் பம்ப் செய்கிறவர்களுக்குப் பழகிய ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: செங்குத்து டர்பைன் பம்ப். தண்ணீர்த் தொட்டிக்குள் நீண்ட குழாய் தொங்கும். தரைமட்டத்துக்கு மேலே டிஸ்சார்ஜ் ஹெட். அதன் தலையில் செங்குத்தாக மோட்டார். கனமான மோட்டார் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் முழு அமைப்பும் அடியில் பிடிபட்ட நாணல்போல ஆடும். ஆங்கிலத்திலும் அந்த அதிர்வெண்ணுக்கு ரீட் ஃப்ரீக்வென்சி என்றுதான் பெயர். நான்கு துருவ (போல்) மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்றுக் குறைவாக ஓடும், அதாவது நொடிக்கு 25-ஐ ஒட்டி. நாணல் ஆட்டம் இந்த 25-க்கு அருகில் வரக்கூடாது.

கையால் போட ஒரு குறுக்கு வழி உண்டு. மோட்டாரின் எடை முழுவதையும் பக்கவாட்டில் தள்ளினால் அது எத்தனை மி.மீ. நகரும் என்று பார். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.76-ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ் வந்துவிடும். எடுத்துக்காட்டுக்கு, திரையில் அடிப்பகுதியை ‘ஃபிக்ஸட்’ ஆக்கி ஓட்டியபோது நகர்வு 0.25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதிர்வெண் 31.5. பாதுகாப்பான தூரம்தான். பம்ப் நிற்கப்போகும் ஊரில் பேஸ் பிளேட்டுக்கு அடியில் கிரவுட் சரியாகப் போகவில்லை, அடித்தளமும் கொஞ்சம் இளக்கம், இரண்டும் சேர்ந்து 0.15 மி.மீ. கூடுதலாக நகரவிடுகிறது. மொத்தம் 0.40. அதிர்வெண் 24.9. பம்ப் ஓடும் வேகத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டது. பம்பில் குறையில்லை, மோட்டாரில் குறையில்லை, சிமுலேஷன் அறிக்கையும் வண்ணத்தில் அழகாக இருக்கும். இரண்டு தாள் கனத்துக்கும் குறைவான ஒரு நெகிழ்வு அத்தனையையும் கவிழ்த்துவிடும். பம்ப் செய்தவரும் அடித்தளம் போட்டவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக் கடிதம் எழுதும் படலம் அதன் பிறகு.

வேரியபிள் ஸ்பீடு டிரைவ் வந்த பின் தலைவலி கூடியிருக்கிறது. முன்பு மோட்டாருக்கு ஒரே வேகம். அந்த ஒரு எண்ணிலிருந்து விலகி நின்றால் போதும். இப்போது தேவைக்கேற்ப 30-லிருந்து 50 ஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் ஓட்டுகிறார்கள். அந்த நெடுஞ்சாலையில் எங்கோ ஒரு மோட் நிற்கத்தான் செய்யும். கப்பல்களில் இதற்குப் பழைய தீர்வு, இன்ஜின் வேகமானியில் ஒரு சிவப்புப் பட்டை: இந்த வேகத்தில் நிற்காதே, கடந்து போ. டிரைவ் பெட்டிக்குள் இன்று ‘ஸ்கிப் ஃப்ரீக்வென்சி’ என்ற அமைப்பு அதையே செய்கிறது. எந்த எண்ணைத் தாண்டிக் குதிக்க வேண்டும் என்று அதில் போடுவதற்கு, அது நிற்கும் தரையில் அளந்த எண் வேண்டும்.

ஒரு காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் தனிப் பிரிவின் சொத்து. விண்வெளித் திட்டத்துக்காக நாசா 1960-களின் பிற்பாதியில் உருவாக்கிய நாஸ்ட்ரான் பெரிய நிறுவனங்களின் பெரிய கணினிகளில் மட்டும் ஓடியது. வெஸ்டிங்ஹவுஸை விட்டு வெளியேறி ஜான் ஸ்வான்சன் 1970-ல் தொடங்கிய நிறுவனம்தான் பின்னால் ஆன்சிஸ் ஆனது. 1995-ல் சாலிட்வொர்க்ஸ் சாதாரண விண்டோஸ் கணினியில் முப்பரிமாண வரைபடத்தைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் வரைகிற அதே ஜன்னலுக்குள் சிமுலேஷனும் வந்து உட்கார்ந்தது. வரைபவரே சோதிக்கலாம். விறைப்புக்காக ஒரு ரிப்பைச் சேர்த்து, தகட்டை 6 மி.மீ.-லிருந்து 8 ஆக்கி, உடனே அதிர்வெண் எங்கே போகிறது என்று பார்க்கலாம். பழைய ஆட்கள் இதைக் குறைத்துப் பேசினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பத்து வடிவங்களை ஒரே மாலையில் ஒப்பிட்டுப் பார்ப்பது அன்று எந்தப் பெரிய பிரிவுக்கும் வாய்க்கவில்லை. சிறு பட்டறையில் வேலைபார்க்கும் டிப்ளமோ படித்த பெண் இன்று அதைச் செய்கிறார்.

ஆனால் திரை சில பொய்களைச் சொல்லாமல் சொல்லும். மோட் படத்தின் ஓரத்தில் நிறங்களுக்குப் பக்கத்தில் எண்கள் இருக்கும். உச்சத்தில் 43 என்று இருந்தால் 43 மி.மீ. ஆடப்போகிறது என்று புதியவர்கள் அலறிவிடுவார்கள். அந்த எண்ணுக்கு அளவு என்ற பொருளே இல்லை. எந்த இடம் எந்த இடத்தைவிட எத்தனை பங்கு அதிகம் ஆடும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. உண்மையில் எவ்வளவு ஆடும் என்பது எவ்வளவு விசை உலுக்குகிறது, எவ்வளவு தணிப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தணிப்பை எந்த மென்பொருளும் வரைபடத்திலிருந்து கண்டுபிடிக்காது. நாம்தான் 1 சதவீதம், 2 சதவீதம் என்று கையால் போட வேண்டும். ஒத்ததிர்வு நேரும் இடத்தில் அதை 1 என்று போட்டதற்கும் 2 என்று போட்டதற்கும் விடை இரு மடங்கு மாறும்.

அலகுக் குழப்பம் இன்னொரு நித்திய நோய். நீளம் மி.மீ.-யிலும் விசை நியூட்டனிலும் இருந்தால் எஃகின் அடர்த்தியை டன்னில் சொல்ல வேண்டும். ஒரு கன மி.மீ.-க்கு 7.85-ஐ நூறு கோடியால் வகுத்தது. யாராவது கிலோவில் போட்டுவிட்டால் பொருள் ஆயிரம் மடங்கு கனமாகி, 100 ஹெர்ட்ஸ் 3 ஆகத் தெரியும். அளவுகோலை ஒருமுறையாவது தட்டிப் பார்த்தவர் கையளவு இரும்புப் பிராக்கெட்டுக்கு 3 ஹெர்ட்ஸ் என்றால் சிரிப்பார். தட்டிப் பார்க்காதவர் அதையும் பிரிண்ட் எடுப்பார். எங்கும் பிடிக்காமல் அந்தரத்தில் விட்டு ஓட்டினால் ஒரு பொருளுக்கு முதல் ஆறு அதிர்வெண்கள் பூஜ்யமாக வரவேண்டும் என்பதும் நல்ல சோதனை. ஏழாவதும் பூஜ்யமென்றால் எங்கோ ஒரு பாகம் மற்றவற்றோடு ஒட்டாமல் தனியே மிதக்கிறது. இதற்கு நேரெதிர்ப் பிழையும் உண்டு: போல்ட் போட்ட இரண்டு முகங்களைப் பசைபோட்டு ஒட்டியதாக மென்பொருள் தானாகவே எடுத்துக்கொள்வது. நாலு போல்ட்டில் நிற்கும் மூடி, வெல்டு செய்ததுபோல விறைத்துக்கொள்ளும். அதிர்வெண் ஜோராக ஏறும்.

தட்டிப் பார்க்கும் கருவியும் மாறிவிட்டது. முன்பெல்லாம் பெரிய ஷேக்கரைப் பூட்டி, ஒவ்வொரு அதிர்வெண்ணாக மெல்ல ஏற்றி, ஊசி எங்கே துள்ளுகிறது என்று குறிப்பார்கள். கூலியும் டுக்கியும் 1965-ல் தந்த வேகமான ஃபூரியே கணக்கு 1970-களில் சோதனைக்கூடப் பெட்டிகளுக்குள் வந்ததும் ஒரு சுத்தியல் அடி போதும் என்றாயிற்று. நுனியில் விசைமானி வைத்த சுத்தியலால் ஓர் அடி. ஒட்டிய உணரி ஆட்டத்தைக் கேட்டு, அதில் அடங்கிய எல்லா அதிர்வெண்களையும் பிரித்து வைத்துவிடும். பம்ப் நின்றிருக்கும்போது டிஸ்சார்ஜ் ஹெட்டின் தலையில் மரக்கட்டையால் ஓர் அடி, ஒட்டிவைத்த கைபேசியின் அதிர்வுச் செயலி. நாணல் ஆட்டத்தைத் தோராயமாகக் கண்டுபிடிக்க இதுவே உதவும். செலவில்லாத இந்த வேலையை ஆலையை விட்டுப் பம்ப் கிளம்பும் முன்பும் செய்யலாம், நிறுவிய பின்பும் செய்யலாம். இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடு அடித்தளத்தின் யோக்கியதையைச் சொல்லிவிடும்.

மிகப் பெரிய தட்டிப் பார்த்தல் ராக்கெட்டில் நடந்தது. ஏறத்தாழ 110 மீட்டர் உயரமுள்ள சாட்டர்ன் 5-க்காக, பறக்கப்போகாத ஒரு முழு அளவு ராக்கெட்டையே நாசா தனியாகச் செய்தது. அதை 1966-67-ல் ஹண்ட்ஸ்வில்லில் ஒரு கோபுரத்துக்குள் நிறுத்தி உலுக்கினார்கள். அந்தரத்தில் பறக்கும் பொருளுக்குப் பிடிமானமே கிடையாது என்பதால், தரையில் நின்றும் நிற்காததுபோல அது அடியில் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்க வேண்டியிருந்தது. அவ்வளவு செய்தும் 1968 ஏப்ரலில் அப்பல்லோ 6 பறந்தபோது நொடிக்கு 5 முறை அளவில் ராக்கெட் மேலும் கீழுமாகக் குலுங்கியது. உடலின் ஆட்டம் எரிபொருள் குழாயை உலுக்க, குழாய் இன்ஜினின் உந்துவிசையை உலுக்க, அது மறுபடி உடலை உலுக்கியது. கோபுரத்தில் இன்ஜின் எரியவில்லையே. முதல் கட்ட இன்ஜின்களின் ஆக்சிஜன் வால்வுக் குழிகளில் ஹீலியத்தை நிரப்பிக் குழாயின் அதிர்வெண்ணை நகர்த்தி அதை அடக்கினார்கள்.

நிலவுக்குத் திரும்பச் செய்த எஸ்.எல்.எஸ். ராக்கெட்டுக்கு அப்படியொரு போலி ராக்கெட் செய்யப்படவில்லை. கணினி மாதிரியை நம்பி வடிவமைத்தார்கள். ஆனாலும் 2021-ல், கென்னடி விண்வெளி மையத்தின் பெரிய கட்டடத்துக்குள், பறக்கவேண்டிய ராக்கெட்டையே ஏவுமேடையோடு நிறுத்தி, மேலே ஓரியன் கலத்தின் எடைக்கு ஈடான ஒரு பாரத்தை வைத்து, ஷேக்கர்களாலும் சுத்தியலாலும் உலுக்கிப் பார்த்தார்கள். இம்முறை மிதக்கவிடவில்லை. ஏவுமேடையின் விறைப்பையும் கணக்கில் சேர்த்து மாதிரியை ஒப்பிட்டு, ஒட்டாத இடத்தில் திருத்திக்கொண்டார்கள். 2022 நவம்பர் 16-ல் அது பறந்தது.

மாதிரியைத் திருத்துவது என்றால் எதைத் திருத்துவது? எஃகின் விறைப்பு எண்ணை யாரும் தொடுவதில்லை, அலுமினியத்தின் அடர்த்தியையும் தொடுவதில்லை. அவை எப்போதோ அளந்து முடிந்தவை. இப்படிச் சோதனையோடு மாதிரியை ஒட்டவைக்கும் எந்த அலுவலகத்திலும் மாற்றப்படும் எண்கள் பெரும்பாலும் இணைப்புகளுடையவை: இந்த ஃப்ளாஞ்சின் விறைப்பு எவ்வளவு, அந்த மவுண்டின் விறைப்பு எவ்வளவு, அடியில் கொடுத்த ஸ்பிரிங்குக்கு எந்த எண்.